மூன்றாவது ஹீட்டர் கோரும் ஒழுகுகிறதா?

நான்காவது கோரை இப்போதே வாங்காதீர்கள். (ஹீட்டர் கோர் என்பது வண்டிக்குள் சூடேற்ற, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சூடாக ஓடும் சின்ன ரேடியேட்டர்.) உங்கள் பிக்கப்பில் இரண்டு வருடத்துக்குள் மூன்று அலுமினிய கோர் ஒழுகியிருக்கிறது என்றால், சந்தேகம் கோர் மேல் இல்லை, எர்த் மேல், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு மேல்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் வயர் துருப்பிடித்தாலோ, யாராவது கழற்றிவிட்டு மாட்ட மறந்தாலோ, மின்சாரம் கூலண்ட் வழியாகத் திரும்பப் பார்க்கும். மெல்லிய அலுமினியம் உள்ளிருந்தே அரித்துப்போகும். பழைய கோரை வெட்டிப் பாருங்கள், ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள் தெரியலாம்.

1. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் தொடவே வேண்டாம்.

2. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை கூலண்டிலும் வையுங்கள். சிவப்பு முனை உலோகத்தில் படக்கூடாது.

3. இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஹெட்லைட், ப்ளோயர் என ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.3-ஐத் தாண்டினால் வில்லங்கம். எதைப் போட்டதும் எகிறுகிறதோ, அதன் எர்த்தைத் தேடுங்கள்.

என் வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் எகிறியது. எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட்! சுரண்டி முறுக்கியதும் அடங்கியது.

ஒன்று மட்டும்: பேட்டரியைக் கழற்றி, கறுப்பு முனையை எஞ்சின் உலோகத்தில் வைத்தும் வோல்ட் காட்டினால், எர்த்தைக் குறை சொல்ல முடியாது. கூலண்ட் கெட்டுப்போய் தானே பேட்டரி மாதிரி வேலை செய்கிறது. முழுக்கக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த புது கூலண்ட் ஊற்றி, மறுபடி அளந்து பாருங்கள்.

அப்புறம், ஓட்டைகள் எல்லாம் உள்ளே நுழையும் குழாய்ப் பக்கமே இருந்தால் கூலண்டின் வேகமும் காரணமாக இருக்கலாம். ஹோஸில் ரெஸ்ட்ரிக்டர் (ஓட்டத்தைக் குறைக்கும் சின்னத் துண்டு) இருக்கிறதா என்று பாருங்கள்.