ஊட்டி வீட்டுக்கு ஹீட்டரா, ஏசியா, பழைய கணப்பா?

கோவையிலிருந்து ஊட்டிக்குக் குடிவருகிறோம், தகரக்கூரை போட்ட பழைய வீடு, இப்போது இருக்கிற ஏசியைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினால் குளிருக்கு ஆகுமா, இல்லை ஹீட்டர் வாங்குவதா, ஹாலில் விறகு எரிக்கிற கணப்பு வேறு இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வயரிங், கீஸர், ஹீட்டர் சர்வீஸ் வேலை செய்கிறவன்.

அந்த ஏசியை விற்றுவிட்டே வாருங்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளும், அவ்வளவுதான். அதைத் திருப்பி ஓட்டுவதற்கு உள்ளே ஒரு ரிவர்சிங் வால்வு வேண்டும், அது ‘ஹாட் அண்ட் கோல்ட்’ என்று விற்கிற மாடல்களில்தான் இருக்கும். ரிமோட்டில் 30 வைத்தால் அறை சூடாகும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்ப்ரஸர் ஓடாது, ஃபேன் மட்டும் குளிர்ந்த காற்றை முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஊட்டியில் குளிர் இரண்டு வகை. ஜனவரிக் குளிர் காய்ந்த குளிர்; வானம் தெளிந்த ராத்திரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்மேல் உறைபனி படியும், ஆனால் பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஜூன், ஜூலையில் அந்த அளவுக்கு இறங்காது, ஆனால் நாள்கணக்கில் மழையும் மேகமும்தான், துணி காயாது, பீரோவில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். கீழேயிருந்து வருகிறவர்கள் முதல் குளிருக்குத் தயாராகி வருகிறார்கள், வீட்டை விற்றுவிட்டு ஓட வைப்பது இரண்டாவது.

அதனால் முதல் செலவு மெஷினுக்கு வேண்டாம், கூரைக்கும் ஜன்னலுக்கும் செய்யுங்கள். காற்று வீசுகிற ராத்திரியில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக ஏறிக்கொண்டே வந்து திடீரென்று உள்பக்கமாகப் படுக்கிற இடம்தான் ஓட்டை. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பட்டி உதிர்ந்த இடம், கதவின் அடிப்பக்கம், மச்சுப் பலகையின் இடுக்கு, ஸ்விட்ச் பாக்ஸின் பின்னால்கூட. தகரத்துக்கும் மச்சுக்கும் இடையில் ராக்வூல் (சூடு வெளியே போகாமல் தடுக்கிற பஞ்சு மாதிரியான விரிப்பு) விரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. தோடர்களின் பழைய வீட்டில் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். இந்த மலையின் குளிரை நம் எல்லாரையும்விட நெடுங்காலமாக அறிந்தவர்கள் வாசலை அவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறார்கள், நாமோ ஹாலுக்குப் பெரிய கண்ணாடி ஜன்னலாக வைத்துவிட்டு ஹீட்டர் போதவில்லை என்கிறோம்.

சரி, ஹீட்டர். படுக்கையறைக்கு மட்டும் என்றால் ஆயில் ஹீட்டர் போதும், சத்தமில்லை. ஆனால் கரண்டு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 2000 வாட் ஹீட்டர் ராத்திரி 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு அதுவே 600. 500ஐத் தாண்டினால் வாரியம் கணக்குப் போடும் விகிதமே மாறிவிடும். தெர்மோஸ்டாட் நடுவில் கட் செய்யுமே என்பீர்கள். காற்று ஒழுகுகிற அறையில் அது கட் ஆகவே ஆகாது.

இதை விட முக்கியம் பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் சொருகாதீர்கள், 16 ஆம்ப் சாக்கெட்டில் நேராகக் கொடுங்கள். அரை மணி நேரம் ஓடியதும் ஹீட்டரை அணைத்து, பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. கழற்றினால் பின் பழுப்பேறி, சாக்கெட்டின் ஓரம் உருகி வளைந்திருக்கும். பழைய வீடு என்பதால் மெயின் போர்டையும் திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் ஈரத்துக்கு ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானே சப்ளையை வெட்டுகிற பாதுகாப்பு ஸ்விட்ச்) அடிக்கடி விழுகிறதென்று அதை பைபாஸ் செய்துவிட்டுப் போன வீடுகள் இங்கே நிறைய உண்டு. அது விழுவது ஏதோ ஒரு லைனில் கரண்டு கசிவதால்தான், அந்த லைனைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

நிரந்தரமாக இருக்கப்போகிறீர்கள் என்றால் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ இன்வெர்ட்டர் ஏசி ஹாலுக்கு நல்ல முதலீடு. ஹீட்டர் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும், இது வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துவருவதால் மிதமான குளிரில் சுமார் மூன்று மடங்கு தரும். இரண்டு விஷயம் கடைக்காரர் சொல்லமாட்டார். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல், காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அவுட்டோர் யூனிட்டின் ஃபேன் சுற்றினாலும் சூடு குறைவாகத்தான் வரும். ஒரு அளவு பெரியதாக எடுங்கள். இன்னொன்று, கடுங்குளிரில் அவுட்டோர் காயிலில் பனி கட்டும், அதைக் கரைக்க மெஷின் சில நிமிடம் சூடு தருவதை நிறுத்திக்கொள்ளும். அது ரிப்பேர் இல்லை. ஆனால் கரைந்த தண்ணீர் வடிய வழி வேண்டும், அவுட்டோரை நடைபாதைக்கு மேல் மாட்டினால் காலையில் வழுக்கும்.

கணப்பை மூடிவிடாதீர்கள். 1930களிலேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலைதான் இது, ஆனாலும் காற்றுமழையில் மரம் விழுந்தால் நாள் முழுக்கக் கரண்டு இருக்காது, அப்போது உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஹீட்டர் ஓடாது. திறந்த கணப்பில் பெரும்பாலான சூடு சிம்னி வழியே போய்விடும் என்பது உண்மை. அதற்குள் கதவு வைத்த இரும்பு விறகு ஸ்டவ் பொருத்தினால் விறகும் மிச்சம், சூடும் நிற்கும். எரிக்காத நாளில் புகைவாயை ஒரு பலகையால் அடைத்துவையுங்கள், இல்லாவிட்டால் அது திறந்த ஜன்னல்தான். காய்ந்த சீகை (வாட்டில் மரம்) விறகு வாங்குங்கள். எந்த மரமானாலும் பச்சையாக எரித்தால் புகைக்குழாயில் பளபளவென்று கீல் படியும், அது ஒருநாள் பற்றிக்கொள்ளும். தோட்டத்தில் மரம் நிற்கிறதே, வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், மலைப்பகுதி மரப் பாதுகாப்புக்கென்று 1955ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அனுமதி வேண்டும். இடுக்கெல்லாம் அடைத்த பிறகு கணப்பு புகையைத் திருப்பித் தள்ளினால், அதற்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம், ஒரு ஜன்னலை விரலளவு திறந்துவையுங்கள்.

கேஸ் ஹீட்டரை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேரும், ஜூலையில் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கார்பன் மோனாக்சைடு வேறு. குமுட்டி அடுப்பில் கரி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதும், பாத்ரூமுக்குள் கேஸ் கீஸர் மாட்டுவதும் உயிருக்கே ஆபத்து. ஈரத்துக்கு டீஹ்யுமிடிஃபையர் (காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிற மெஷின்) வாங்கினால், ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகை கேளுங்கள்; கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே காயில் உறைந்து திணறும். பீரோவைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளிப்போடுவதற்குக் காசே ஆகாது.

அப்புறம், சிம்னி சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே குறைந்துவிட்டார்கள். வடகிழக்கு மழை தொடங்கிவிட்டால் ஈரத் தகரத்தின்மேல் ஏற மாட்டார்கள், செப்டம்பரிலேயே சொல்லிவையுங்கள்.