பெட்டியை வைத்தால் பாறையின் ஆழம் தெரிந்துவிடுமா?

கேள்வி: வீடு கட்ட ஓர் இடம் வாங்கியிருக்கிறேன், முன்பு வயலாக இருந்த களிமண் நிலம். மண் பரிசோதனைக்கு ஆள் ஏற்பாடு செய்து தரும் இடைத்தரகர் ஒருவர் மூலம் ஒரு குழு வந்தது. ஒரு சிறிய பெட்டியைத் தரையில் வைத்து, சுத்தியலால் தட்டுவதுகூட இல்லாமல், 20 நிமிடம் பதிவு செய்தார்கள். பிறகு வண்ணப் படத்துடன் ரிப்போர்ட் தந்தார்கள். '18 மீட்டரில் கெட்டிப் பாறை, 11 மீட்டரில் நீர்' என்று இருக்கிறது. இனித் துளையிட்டுப் பார்க்கத் தேவையில்லை என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: துளையிடுவதைக் கைவிடாதீர்கள். நீர் பற்றிய வரியை இப்போதே அடித்துவிடுங்கள். 18 மீட்டர் என்பது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அது எப்படி வந்தது என்று தெரியாமல் அதை நம்பி அஸ்திவாரம் போடக் கூடாது.

முறை பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தரை ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. கடலலைகளின் மோதல் மெதுவான அதிர்வுகளைத் தருகிறது. வண்டிகள், எந்திரங்கள், நடமாட்டம் எல்லாம் வேகமான அதிர்வுகளைத் தருகின்றன. நம் காலுக்கு எட்டாத இந்த நடுக்கத்தைத்தான் பெட்டி கேட்கிறது. அதற்குள் மூன்று உணரிகள்: ஒன்று மேலும் கீழுமான அசைவுக்கு, இரண்டு பக்கவாட்டு அசைவுக்கு. பக்கவாட்டு அசைவை மேல்கீழ் அசைவால் வகுத்து வரைபடம் போடுகிறார்கள். கெட்டியான அடுக்கின்மேல் மென்மண் இருந்தால், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, அலகு ஹெர்ட்ஸ்) பக்கவாட்டு அசைவு பெருகி, வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். ஜப்பானில் நொகோஷி, இகராஷி இருவரும் 1971இல் இதைக் காட்டினார்கள். 1989இல் நாகமுரா எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

நீளக் குழல் தாழ்ந்த சுரம் தரும், குட்டைக் குழல் உயர்ந்த சுரம் தரும் அல்லவா? மண்ணும் அப்படித்தான். தடிமனான மண் என்றால் மேடு குறைந்த அதிர்வெண்ணில் வரும்.

ஆனால் பெட்டி அளந்தது அந்த அதிர்வெண்ணை மட்டும்தான். ஆழம் வேண்டுமென்றால், மண்ணுக்குள் குறுக்கலை, அதாவது துகள்களைப் பக்கவாட்டில் அசைத்தபடி போகும் அலை, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதும் தெரிய வேண்டும். அந்த வேகத்தை, அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் ஆழம். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் மேடு 5 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதன் நான்கு மடங்கு 20. ரிப்போர்ட் சொல்லும் 18ஐ அந்த 20ஆல் பெருக்கிப் பாருங்கள், 360 வரும். அதாவது உங்கள் நிலத்தில் அலை நொடிக்கு 360 மீட்டர் போகிறது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டேன். அந்த வேகத்தை எங்கே, எப்படி அளந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வயல் களிமண்ணுக்கு 360 மிக அதிகம். 180 என்று வைத்தால் அதே மேடு 9 மீட்டரைக் காட்டும். இன்னும் மெத்தென்ற மண்ணாக, 120 என்று வைத்தால், 6 மீட்டர்தான். வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாது. ஆழம் மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். போதாததற்கு, மேட்டை உண்டாக்கும் அந்த அடுக்கு பாறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இறுகிய சரளையும் அதே வேலையைச் செய்யும்.

அப்புறம் நீர். குறுக்கலை திரவத்தில் போகாது. மண்துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் கட்டமைப்பின் வழியாகத்தான் போகும். இடுக்குகளில் நீர் இருந்தாலும் காற்று இருந்தாலும் அதன் வேகம் பெரிதாக மாறாது. ஆகவே இந்தப் பெட்டியை வைத்து நீர்மட்டம் சொல்கிறேன் என்று வருபவரிடம் அதற்காகத் தனிக் கட்டணம் கொடுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்து வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது.

இன்னொரு பொறி, மோட்டார். பக்கத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் எந்திரம் ஓடினால், 25 ஹெர்ட்ஸ் அருகே ஊசி போல ஒரு முனை எழும். மண்ணால் வரும் மேடு அகலமாக இருக்கும். எந்திர முனை மூன்று உணரிகளிலும் ஒரே இடத்தில், மெல்லியதாக நிற்கும். பயிற்சி உள்ளவர் ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவார். மென்பொருள் காட்டியதை அப்படியே ஒட்டுகிறவரோ, அதையும் '2 மீட்டரில் கெட்டி அடுக்கு' என்று எழுதிவிடுவார். வண்ணப் படத்தைக் கண்டு மயங்க வேண்டாம். என்ன எண்ணைப் போட்டாலும் மென்பொருள் வண்ணம் பூசித்தரும்.

பக்கத்து மனைக்காரரின் வரைபடத்தில் மேடே இல்லை என்றும், 'அவருக்கு அடியில் முழுப் பாறை' என்று சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மேடு இல்லாததற்குப் பாறை ஒரு காரணம், அவ்வளவுதான். மண் ஆழம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போனால், திடீர் மாற்றம் எங்கும் இல்லாததால் மேடு வராது. அங்கே பாறை வெகு கீழே இருக்கலாம். அடுத்தது இன்னும் ஆபத்தானது: மேடு இருக்கிறது, ஆனால் பெட்டியின் காதுக்கு எட்டவில்லை. மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் என்ற அதிர்வு உணரி. அதற்குக் கீழே போகப் போக அதன் உணர்திறன் வேகமாகக் குறையும். 100 மீட்டர் தடிமனில், நொடிக்கு 400 மீட்டர் வேகமுள்ள மண் இருந்தால் மேடு 1 ஹெர்ட்ஸில் வரும். அந்தப் பெட்டி அதைத் தவறவிட்டுத் தட்டையான கோட்டைக் காட்டலாம். 1985இல் மெக்சிகோ சிட்டி நிலநடுக்கத்தில் மிக மோசமாகச் சேதமடைந்த பழைய ஏரிப் படுகைப் பகுதி ஏறக்குறைய 0.5 ஹெர்ட்ஸில் ஆடிய மண்; நிலநடுக்க மையம் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அப்படிப்பட்ட மண்ணைப் 'பாறை' என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆகவே பக்கத்து வீட்டுக்காரர், பெட்டியின் உணரி எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழே கேட்கும் என்று கேட்காமல் நிம்மதி அடைய வேண்டாம்.

இதெல்லாம் ஏன் தடையில்லாமல் நடக்கிறது? பலரும் ரிப்போர்ட்டில் பார்ப்பது 'பாறை ஆழம்' என்ற ஒரு வரியை மட்டும்தான். அதில் ஓர் எண், கீழே ஒரு முத்திரை இருந்தால் கோப்பு நகர்ந்துவிடும். வேகம் அளக்கப்பட்டதா, ஊகிக்கப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. மூலப் பதிவைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. கேட்கிறவர் இல்லாத இடத்தில் ஒழுங்காக அளப்பவர்தான் நஷ்டப்படுகிறார். பாதி விலைக்கு வருகிறவருக்கு வேலை போகிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மூலப் பதிவுக் கோப்பைக் கேளுங்கள்; காசு கொடுத்தது நீங்கள், கேட்பதில் தவறில்லை. தர மறுத்தால் மீதித் தொகையை நிறுத்திவையுங்கள். பதிவு நேரத்தில் குறையில்லை. இந்த முறையை ஆராய்ந்த ஐரோப்பாவின் செசாமி திட்டம் 2004இல் தந்த வழிகாட்டியின்படி 5 ஹெர்ட்ஸ் மேட்டுக்கு 20 நிமிடம் தாராளம். பெட்டி புல்மேலோ, புதிதாகக் கொட்டிய மண்மேலோ இருந்ததா, காற்று பலமாக அடித்ததா என்று மட்டும் விசாரியுங்கள். வேகத்தை அளக்கப் பல உணரிகளை வட்டமாகப் பரப்பி ஒரே நேரத்தில் பதிவு செய்யும் முறை இருக்கிறது. நிலநடுக்கவியலாளர் அக்கி 1957இலேயே அதன் கணிதத்தைத் தந்துவிட்டார். அதைச் செய்யத் தெரிந்தவரைத் தரகர் இல்லாமல் நேரடியாகத் தேடுங்கள். அது முடிந்தாலும் முடியாவிட்டாலும், ஒரு துளையையாவது, பெட்டி வைத்த அதே இடத்தில் போடச் சொல்லுங்கள். கெட்டி அடுக்கு 9 மீட்டரில் தட்டினால் உங்கள் மண்ணின் வேகம் 180 என்று தெரிந்துவிடும். அதன்பின் மனையின் மற்ற மூலைகளில் பெட்டியை வைத்து, அந்த வேகத்தைக்கொண்டு ஆழம் கணக்கிடலாம்; அடுத்தடுத்த துளைகளின் செலவு மிச்சமாகும்.