தாக்கும் வீரர் யார்?

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். கூட்டாளிகள் மூன்று பேர். கைமாறி வந்த பழைய வெர்சஸ் சிஸ்டம் அட்டைகளை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம். அந்த ஆட்டத்துக்கு இப்போது புது அட்டை வருவதில்லை என்பதால் நாங்களே தமிழில் 24 அட்டைகள் செய்தோம். பாதி, தெரிந்த சூப்பர் ஹீரோக்களின் புது வடிவங்கள். மீதி, ‘தோட்டத்துப் படை’ என்று நாங்களே உண்டாக்கிய அணி. அதில் ‘கூகை’ என்ற வீரர் வந்துவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்துபோகிறது. அவருடைய அட்டை இதுதான்:

கூகை. விலை 4. தாக்கு 9, காப்பு 8. பறத்தல், வீச்சு. ‘தாக்கும் வீரர் சோர்ந்தால் அட்டை எடுக்கலாம். அவருக்கு 3 கூடும்.’

இந்த வாசகத்தை வைத்தே ஒவ்வொரு வாரமும் சண்டை வருகிறது. போட்டோஸ்டேட் கடையில் அச்சடித்தால் அட்டை சிறுத்துவிடுகிறது, ஓரம் வெள்ளையாகத் தெரிகிறது. பழைய சீட்டுக்கட்டின் மேல் ஒட்டிப் பார்த்தோம், வளைந்துவிட்டது. முனீஸ்வரர் சாமியை ஓர் அட்டையாகப் போடலாமா என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. நன்றாக வந்தால் விற்கலாமா?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

வெர்சஸ் சிஸ்டம் தெரியாத வாசகர்களுக்காக முதலில் இரண்டு வரி. அப்பர் டெக் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அட்டை ஆட்டம் அது. மார்வெல், டிசி என்ற இரண்டு படக்கதை நிறுவனங்களின் வீரர்களும் ஒரே விதியின்கீழ் மோதிக்கொள்ளலாம். 2009-ல் நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கு 50 உயிர்ப் புள்ளி. எத்தனையாவது சுற்றோ, வீரரை இறக்கச் செலவிடும் வளம் அத்தனை இருக்கும். ஆகவே 4 விலையுள்ள வீரர் நான்காம் சுற்றில் இறங்குவார்.

கூகை ஏன் ஆட்டத்தை முடிக்கிறது? இந்த ஆட்டத்தில் 4 விலை வீரருக்குத் தாக்கும் காப்பும் 7-ஐ ஒட்டி இருக்கும், 5 விலைக்கு 9-ஐ ஒட்டி இருக்கும். நீங்கள் 5 விலை உடம்பை 4 விலைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பிழையின் பெரிய பாகம் அந்தக் காப்பு 8. எதிராளியின் 7/7 (தாக்கு 7, காப்பு 7) வீரர் கூகையைத் தாக்கினால் 7 எட்டைத் தொடாது, கூகை விழாது. கூகை தாக்கினால் 9 ஏழைத் தாண்டுகிறது, எதிராளி விழுகிறார். விழுந்தவரின் விலை 4, மிஞ்சிய தாக்கு 2, மொத்தம் 6 உயிர்ப் புள்ளி போய்விடும். கூகைக்கு ஒரு கீறலும் இல்லை. காப்பு 7-லிருந்து 8 ஆவது பார்ப்பதற்கு ஒரு புள்ளிதான். ஆனால் அந்தச் சுற்றில் எல்லோருடைய தாக்கும் நிற்கிற படி 7. அந்தப் படியைத் தாண்டும் ஒரு புள்ளி மற்ற இடங்களில் வரும் மூன்று புள்ளிக்குச் சமம். எண் போடுவதற்கு முன் அதே விலையுள்ள அசல் அட்டைகள் பத்தையாவது தரையில் பரப்பி, தாக்கையும் காப்பையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். படி எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரியும். கூடுதலாகத் திறன் கொடுக்கும்போது காப்பைக் குறைத்து விலையைக் கட்டச் சொல்லுங்கள்.

இனி வாசகம். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். தமிழில் ரசிகர் அட்டை செய்பவர்கள் படத்துக்கு ஒரு மாதம் செலவழித்து, வாசகத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதுகிறார்கள். ஆட்டத்தில் அட்டை என்பது அந்த வாசகம்தான். படம் தப்பாக இருந்தாலும் ஆடலாம், வாசகம் தப்பாக இருந்தால் ஆட முடியாது.

‘தாக்கும் வீரர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அவர்? தாக்குகிற வீரரா, கூகை தாக்கும் வீரரா? தமிழில் பெயரெச்சம் இரண்டு பக்கமும் பாயும். ‘நான் பார்த்த பையன்’, ‘என்னைப் பார்த்த பையன்’ என்று எழுவாயோ செயப்படுபொருளோ உடன் இருந்தால்தான் பொருள் நிற்கும். இரண்டையும் விட்டுவிட்டு ‘பார்த்த பையன்’ என்றால் படிப்பவர் தமக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். அட்டையில் ‘தாக்குகிற வீரர்’, ‘தாக்கப்படும் வீரர்’ என்று இரண்டு வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘தாக்கப்படும்’ பேச்சில் வராத சொல்தான், விதிக்கு அது வேண்டும்.

அடுத்தது ‘சோர்ந்தால்’. அசல் ஆட்டத்தில் இரண்டு தனித்தனி நிலைகள் உண்டு. தாக்கிய வீரரின் அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைப்போம். அடிபட்டு விழுந்தவரின் அட்டையை முகம் கீழே போக வைப்போம். இரண்டுக்கும் ‘சோர்வு’ என்றே பெயர் வைத்ததுதான் உங்கள் வாராந்தரச் சண்டைக்குக் காரணம். தாக்கப் போகும் வீரர் எப்படியும் பக்கவாட்டில் திரும்புவார். ஆகவே ஒருவர் படிக்கிறபடி கூகை ஒவ்வொரு தாக்குதலுக்கும் இலவசமாக அட்டை தருகிறது. இன்னொருவர் படிக்கிறபடி எதிராளி விழுந்தால்தான் தருகிறது. கை செய்கிற வேலையையே பெயராக வையுங்கள்: பக்கவாட்டில் திருப்புவது சாய்த்தல், முகம் கீழே வைப்பது கவிழ்த்தல், சாய்ந்ததை நேராக்குவது நிமிர்த்தல், கவிழ்ந்ததைத் திருப்பி எடுப்பது மீட்டல். பார்த்தாலே புரியும். அகராதியில் அழகான சொல் தேட வேண்டியதில்லை.

‘அட்டை எடுக்கலாம்’ என்பதில் எத்தனை அட்டை? தமிழில் அஃறிணைக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. ‘மரம் வெட்டினான்’ என்றால் ஒன்றும் ஆகலாம், ஒரு தோப்பும் ஆகலாம். ஆகவே எப்போதும் எண் போடுங்கள்: ‘1 அட்டை’. ‘எடுக்கலாம்’ என்றால் விருப்பம், ‘எடுக்கவும்’ என்றால் கட்டாயம். இந்த இரண்டைத் தவிர வேறு முடிவு வேண்டாம். கடைசியாக ‘அவருக்கு 3’. அவர் கூகையா, எதிராளியின் வீரரா, ஆடுகிறவரா? அந்த 3 எதில் கூடும், தாக்கிலா காப்பிலா? எவ்வளவு நேரத்துக்கு? அட்டையில் ‘அவர்’, ‘அது’ இரண்டையும் அறவே விலக்குங்கள். பெயரைத் திரும்பச் சொல்வது கட்டுரையில் குறை, விதியில் ஒழுங்கு.

பெயர் என்றதும் இன்னொன்று. இந்த ஆட்டத்தில் பெயரே விதியாக வேலை செய்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு வீரர்களை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ள முடியாது (படைவீரர் வகை மட்டும் விலக்கு). கையில் இருக்கும் அதே பெயர் அட்டையைக் கழித்துத் தாக்குக்கும் காப்புக்கும் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். நீங்கள் ஓர் அட்டையில் ‘ஸ்பைடர்மேன்’ என்றும் மற்றொன்றில் ‘சிலந்தி மனிதன்’ என்றும் எழுதினால் அவர்கள் இரண்டு ஆளா, ஒரே ஆளா? பழைய ஆங்கில அட்டைகளோடு கலந்து ஆடுகிறீர்கள் என்பதால், ஒலிபெயர்ப்பையே வைத்துக்கொண்டு ஒரு பெயர்ப் பட்டியல் எழுதி முடித்துவிடுங்கள். ஒரு புள்ளி, ஓர் இடைவெளிகூட மாறக் கூடாது.

கூகை என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பத்தில் பெட்டி வைத்துக் கூகை ஆந்தை வளர்ப்பது நம் மலேசிய நாட்டில் நடைமுறையில் உள்ள வழி. அட்டைக்கு வேண்டிய திறன் அதிலேயே இருக்கிறது, நீங்கள்தான் அதைப் பயன்படுத்தவில்லை. கூகை இரவில் சின்ன இரையை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கும். ஆகவே இப்படி எழுதிப் பாருங்கள்:

கூகை. விலை 4. தாக்கு 7, காப்பு 5. பறத்தல். ‘கூகை தாக்கி, விலை 2 அல்லது அதற்குக் குறைந்த 1 வீரரைக் கவிழ்த்தால், கூகையை நிமிர்த்தவும். ஒரு சுற்றில் ஒரு முறை மட்டும்.’

பறத்தல் இருப்பதால், முன்வரிசை வீரரின் மறைவில் பின்வரிசையில் நிற்கும் சின்னவரையும் தொட முடியும். சின்னவரைக் கவிழ்த்தபின் நிமிர்ந்து இன்னொருவரைத் தாக்கலாம். ‘ஒரு முறை’ என்ற வரி இல்லையென்றால், சின்ன வீரர்களையே நிரப்பும் கட்டுக்கு எதிராகக் கூகை மூன்று நான்கு முறை பாயும். அப்போது பழைய நோய் திரும்ப வரும். எதிராளி சின்ன வீரரை இறக்காவிட்டால் கூகை வெறும் 7/5, காப்பு படிக்குக் கீழே, எளிதில் விழும். வீச்சை எடுத்துவிட்டேன். பின்வரிசையில் ஒளிந்து நின்று தாக்க முடியாமல் போவதால், அந்தக் காப்பு 5 உண்மையான பலவீனம் ஆகிறது.

பால்வெட்டு அக்கா என்ற அட்டையும் உங்கள் பட்டியலில் இருந்தால் இதே முறையில் யோசியுங்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக இறங்கும், மழை பெய்தால் வெட்டு இல்லை. ஆகவே அவருடைய திறன் முதல் மூன்று சுற்றில் மட்டும் வேலை செய்யட்டும். ‘விடியல் மழை’ என்று ஓர் அட்டை அதை நிறுத்தட்டும். ஓர் அட்டைக்கு ஒரு திறன் போதும்.

முனீஸ்வரரைப் போட வேண்டாம். தோட்டத்துக் கோயிலில் கும்பிடுகிற சாமியின் தலையில் தாக்கு 12 என்று எண் எழுதி, ஆட்டத்தில் கவிழ்த்துவைப்பதைப் பார்த்தால் பெரியவர்கள் மனம் நோகும். அது நியாயமான நோவு. காவல்காரர் ஒருவரை நீங்களே கற்பனை செய்யுங்கள், குதிரையும் அரிவாளும் அவருக்கும் இருக்கட்டும்.

ஆடிப் பார்ப்பதில் ஒரு கணக்கு முக்கியம். 60 அட்டைக் கட்டில் கூகை 4 பிரதி இருக்கிறது என்று கொள்வோம். தொடக்கத்தில் 4, சுற்றுக்கு 2 என நான்காம் சுற்றுக்குள் 12 அட்டை பார்ப்பீர்கள். அதற்குள் ஒரு கூகையாவது வர வாய்ப்பு 60 விழுக்காடு. பத்து ஆட்டம் ஆடினால் நான்கில் கூகை நேரத்துக்கு வரவே வராது. ஆகவே சோதனை ஆட்டத்தில் கூகையைத் தொடக்கக் கையிலேயே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றி, குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடுங்கள். தாக்கையும் காப்பையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. பிறகு அட்டை செய்யாத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் அவர் எப்படிப் படிக்கிறார் என்று பாருங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் வாசகத்தில் உள்ள ஓர் ஓட்டை.

இதெல்லாம் முடியும் வரை வண்ணப் படம் வேண்டாம். சாதாரண 80 கிராம் தாளில் கறுப்பு வெள்ளை வாசகம் போதும்.

அச்சுக்கு வருவோம். அட்டையின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 744 × 1039 பிக்சல். ஓரம் வெள்ளையாகத் தெரிவது, வெட்டும் கோட்டோடு வண்ணம் நின்றுவிடுவதால். கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் தாள் தெரியும். வண்ணத்தை நாலு பக்கமும் 1.5 மில்லிமீட்டர் வெளியே நீட்டுங்கள், ஒரு கட்டம் 66 × 91 ஆகும். மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டம் 198 × 273. ஏ4 தாள் 210 × 297 என்பதால் பக்கத்தில் 6, மேலும் கீழும் 12 மிஞ்சும். அச்சுப்பொறி தொடாத ஓரத்துக்கு அந்த இடம் வேண்டும். 3 மில்லிமீட்டர் நீட்டினால் ஒன்பது கட்டம் அகலத்தில் 207 ஆகி, ஓர அட்டைகள் அறுபடும். எழுத்து எதுவும் வெட்டும் கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது.

அட்டை சிறுத்ததற்குக் காரணம் கடைக் கணினியில் ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வாகி இருந்ததுதான். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 விழுக்காடு என்று மாற்றச் சொல்லுங்கள். தாளின் ஓரத்தில் சரியாக 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று வரைந்து வையுங்கள். முதல் தாள் வந்ததும் அடிக்கோல் வைத்து அளந்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லலாம். கோப்பை பிடிஎஃப்-ஆக, எழுத்துருவை உள்ளே பதித்துக் கொண்டுபோங்கள். வேர்ட் கோப்பாகக் கொடுத்தால், அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாதபோது கட்டம் கட்டமாக வரும். படம் திருத்தும் சில மென்பொருள்களில் தமிழ் உடையும். கொம்பு இடம் மாறும், புள்ளி தனியே நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் யூனிகோட் தமிழ் சரியாக வரும், இலவசம்.

எழுத்தின் அளவு 8 புள்ளிக்கு (பாயிண்ட்) கீழே போகக் கூடாது. வரி இடைவெளி 11 புள்ளி வையுங்கள். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளி வைத்தால் மேல்வரியின் ‘கு’, ‘ணூ’ வால்கள் கீழ்வரியின் ‘டி’ கொண்டையில் இடிக்கும். வாசகப் பெட்டி 55 × 22 மில்லிமீட்டர் என்றால் ஐந்து வரி, ஏறக்குறைய 18 சொல். மேலே எழுதிய கூகை அந்த அளவுதான். அதில் அடங்காத திறனைச் சுருக்கி எழுத முயல வேண்டாம், திறனையே குறையுங்கள்.

ஒட்டியது வளைந்தது பசையின் ஈரத்தால். மேல்தாள் நனைந்து விரிந்து, காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. நம் ஊர் மழைக்காலத்தில் இன்னும் மோசமாகும். ஒட்டவே ஒட்டாதீர்கள். பின்பக்கம் ஒளி புகாத 66 × 91 உறை வாங்கி, உள்ளே ஒரு சாதாரண சீட்டும் அதன்மேல் அச்சடித்த தாளும் செருகுங்கள். தாளை அரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால் சிக்காமல் இறங்கும். கட்டு முழுவதற்கும் ஒரே நிற உறை போடுங்கள், அசல் அட்டைக்கும் சேர்த்து. முதுகு தெரியாததால் பின்பக்கம் அச்சடிக்கும் வேலையே இல்லை. இன்க்ஜெட்டைவிட லேசர் அச்சு நல்லது. வியர்த்த கையில் இன்க்ஜெட் மை கசியும்.

விற்பனை கூடாது. மார்வெல், டிசி வீரர்களும் சின்னங்களும் பிறர் சொத்து. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987-லிருந்து நடப்பில் இருக்கிறது. இணையத்தில் எடுத்த படம் என்றால் அதை வரைந்த ஓவியருக்கும் உரிமை உண்டு. அட்டையின் அடியில் ‘ரசிகர் தயாரிப்பு, விற்பனைக்கு அல்ல’ என்று சின்னதாகப் போடுங்கள். தோட்டத்துப் படை முழுக்க உங்களுடையது. பிற்காலத்தில் அதற்கென்று தனிச் சட்டகமும் தனி விதியும் செய்தால், அப்போது விற்பதைப் பேசலாம்.

24 அட்டை மூன்று தாளில் முடியும். ஒன்பது வீதம் 27 இடம், மூன்று காலியாக இருக்கும். அந்த மூன்றிலும் சாய்த்தல், கவிழ்த்தல், நிமிர்த்தல், மீட்டல் நான்குக்கும் ஒரு வரி விளக்கம் எழுதி, ஆளுக்கு ஒன்றாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.