பீட்டர் எல்லிஸின் கண்ணாடிக் குமிழ்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிகாகோவின் உயரக் கட்டடங்களைப் பற்றிய கட்டுரையில் லிவர்பூல் கட்டடக்கலைஞர் பீட்டர் எல்லிஸை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். லண்டன் பத்திரிகை ஒன்று கேலி செய்ததில் மனமுடைந்து அவர் தொழிலையே விட்டுவிட்டார் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். தலைநகரத்தில் இல்லாததால்தான் அவருக்கு இந்த கதியா?

கட்டடக்கலை மாணவர் ஒருவர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கேலி செய்தது உண்மை. லிவர்பூல் வாட்டர் ஸ்ட்ரீட்டில் 1864இல் எழுந்த எல்லிஸின் ஓரியல் சேம்பர்ஸ் கட்டடத்தை ‘தி பில்டர்’ இதழ் 1866 ஜனவரியில் கிழித்துத் தொங்கவிட்டது. துருத்திக்கொண்டு நிற்கும் கண்ணாடிக் குமிழ்களின் குவியல், இதைவிட ஊரிலுள்ள சாதாரணச் செங்கல் கிடங்கே மேல் என்றெல்லாம் எழுதினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் அந்த விமர்சகர்மேல் எனக்குக் கொஞ்சம் அனுதாபம்கூட உண்டு. ஒல்லியான கல்தூண்கள், அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாக வெளியே பிதுங்கும் ஜன்னல்கள், உச்சியில் கோபுர முனைகள். கண் பழக நேரமாகும்.

ஆனால் எல்லிஸ் யாருக்கும் சவால் விடவில்லை. அது வாடகைக்கு விடக் கட்டிய அலுவலகக் கட்டடம். மின்விளக்கு வராத காலம். குமாஸ்தாக்கள் பகல் வெளிச்சத்தை நம்பித்தான் கணக்கு எழுத வேண்டும். லிவர்பூல் வானமோ பாதி நாள் மூடிக் கிடக்கும். சுவரோடு சுவராக இருக்கும் ஜன்னல் எதிரே வரும் ஒளியை மட்டும்தான் வாங்கும். வெளியே நீட்டிய ஜன்னல் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் வாங்கும். வெளிச்சமான அறைக்கு வாடகை கூடுதல், அவ்வளவுதான் கணக்கு. எடையை உள்ளே வார்ப்பிரும்புச் சட்டகம் தாங்கியதால் சுவருக்குப் பெரிய வேலை இல்லை, கண்ணாடியைத் தாராளமாக வைக்க முடிந்தது. துறைமுக வியாபாரிகளுக்குக் கட்டிக் கொடுத்தவருக்கு லண்டனின் ரசனை எதற்கு? வெளியூரில் இருந்ததை அவருக்குக் கிடைத்த சௌகரியம் என்றே சொல்வேன்.

தொழிலை விட்ட கதைக்கு வருவோம். பெயர் சொல்லும்படி அவருடைய இரண்டு அலுவலகக் கட்டடங்களே பேசப்படுவதால் அந்தக் கதை எளிதாக ஒட்டிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் நவீனக் கட்டடக்கலைக்கு முன்னோடிகளைத் தேடியவர்களுக்கும் ஒரு தியாகி கிடைத்தால் வசதிதானே. அண்மைக்கால ஆய்வுகளின்படி, 1805இல் பிறந்து 1884இல் இறந்த எல்லிஸ் அந்த விமர்சனத்துக்குப் பிறகும் கட்டட வேலை, பொறியியல் வேலை இரண்டையும் செய்துகொண்டுதான் இருந்தார். அதே 1866இல் அவருடைய இரண்டாவது அலுவலகக் கட்டடமான லிவர்பூல் குக் ஸ்ட்ரீட் 16ஆம் எண் முடிந்தது. கதவில்லாத பெட்டிகள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க, ஆட்கள் போகிற போக்கில் ஏறி இறங்கும் லிஃப்ட் ஒன்றையும் வடிவமைத்து ஓரியல் சேம்பர்ஸிலேயே பொருத்தினார். (நான் ஏறமாட்டேன்.) மனமுடைந்தவர் செய்கிற காரியங்களா இவை?

அப்புறம் அந்தச் சிகாகோ தொடர்பு. சிகாகோவின் உயரக் கட்டடங்களைக் கட்டியவர்களில் ஒருவரான ஜான் வெல்போர்ன் ரூட் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864இல், பதினான்கு வயதுப் பையனாக லிவர்பூலுக்கு அனுப்பப்பட்டவர். பிற்பாடு சிகாகோவில் அவர் கட்டிய ரூக்கெரி என்ற அலுவலகக் கட்டடத்தின் சுழல் படிக்கட்டைப் பார்த்தால் குக் ஸ்ட்ரீட்டில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஏறும் சுழல் படிக்கட்டு ஞாபகம் வராமல் போகாது. எல்லிஸின் கட்டடங்களை அந்தப் பையன் பார்த்திருப்பான் என்பது நல்ல ஊகம். தேர்வுத்தாளில் அதை உண்மையென்று எழுதிவிடாதீர்கள்.

ஓரியல் சேம்பர்ஸ் 1941 குண்டுவீச்சில் சேதமாகிப் பிறகு சீரமைக்கப்பட்டது. இன்று முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. படம் தேடும்போது தெருமுகப்போடு நிறுத்திக்கொள்ளாமல் பின்புற முற்றத்தையும் பாருங்கள். அங்கே அலங்காரம் எதுவும் கிடையாது. இரும்புத் தூண்களுக்கு வெளியே அடுக்கடுக்காகக் கண்ணாடி மட்டும். பத்திரிகைக்காரர் திட்டியது முகப்பைத்தான். எல்லிஸ் உண்மையில் துணிந்து கட்டியது அந்த முற்றத்தில்.