ரேம்பில் ஏற்றிய காருக்குக் கீழே போகுமுன்

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் எல்லோரும் கையில் இருந்த காரையே பேணிப் பேணி ஓட்டினோம். வீட்டு முற்றத்திலேயே ஒயில் மாற்றப் பழகியவர்களும் அப்போதுதான் பெருகினார்கள். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை வாசித்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு, ரேம்ப், அதாவது காரின் சில்லுகளை ஏற்றி உயர்த்தி நிறுத்தும் சரிவுத் தட்டு, பற்றியவற்றுக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி இரும்பு ரேம்ப் பார்த்தேன். வீட்டில் ஜக்கும் இரண்டு ஸ்டாண்டும் இருக்கின்றன. ரேம்பும் தேவையா ஐயா? (கொட்டாஞ்சேனை)

செய்யப்போகும் வேலையைப் பொறுத்தது. ஒயில், ஃபில்டர் மாற்றுவது, எங்கே கசிகிறது என்று பார்ப்பது, சைலன்சரின் நிலையைப் பார்ப்பது, கீழே உள்ள கவரை இறுக்குவது போன்றவற்றுக்கு ரேம்ப்தான் வசதி. காரின் பாரம் அதன் சொந்த டயரிலேயே, அகலமான தட்டின் மேல் நிற்கிறது. பம்ப் பண்ணி உயர்த்தவும் வேண்டாம், ஸ்டாண்டுக்குச் சரியான இடம் தேடவும் வேண்டாம்.

ஆனால் சில்லு ரேம்பில் இருக்கும்வரை அதைக் கழற்ற முடியாது. பிரேக் பேட், ஷொக் எப்சோபர், டயர் வேலைகளுக்கு ஜக்கும் ஸ்டாண்டும்தான். ஜக் உயர்த்துவதற்கு மட்டுமே, உயர்த்திய காரைத் தாங்குவது ஸ்டாண்ட் என்பதையும் மறக்க வேண்டாம். ஹைட்ரொலிக் ஜக்கின் உள்ளே ஒரு சின்ன ரப்பர் சீல் போனால் போதும், முழுப் பாரமும் இறங்கிவிடும். டிக்கியில் கிடக்கும் திருகு ஜக், வழியில் டயர் மாற்றத் தந்தது. அதை நம்பி ஒரு கையைக்கூடக் கீழே நீட்டாதீர்கள்.

வாங்கும்போது ரேம்பில் எழுதியிருக்கும் பாரம் ஒன்றுக்கா, சோடிக்கா என்று கேளுங்கள். வேகன் ஆர் சுமார் 800 கிலோ, அக்வா 1,100 கிலோவுக்குக் கிட்ட, ஹயஸ் வேன் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எஞ்சின் முன்னால் இருக்கும் சிறிய கார்களில் பாரத்தில் பாதிக்கு மேல் முன்சில்லுகளில்தான் விழும். எழுத்தே இல்லாத ரேம்ப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பழையது என்றால் வெல்டிங் ஓரங்களைச் சுரண்டிப் பாருங்கள். நம்முடைய கடலோர உப்புக் காற்றில் பெயின்ற்றுக்கு அடியிலேயே துரு ஓடியிருக்கும்.

கேள்வி: போர்டிகோ முழுவதும் டைல்ஸ். அக்வாவை ஏற்றும்போது ரேம்ப் வழுக்கி காருக்குக் கீழே ஓடி வருகிறது. வேகமாக ஏற்றினால் சரிவருமா? (தெஹிவளை)

வேகமாக மட்டும் ஏற்றாதீர்கள் தம்பி. கேள்வியைப் பார்த்தவுடன் நான் பயந்தது இதற்குத்தான்.

அக்வாவில் முன்சில்லுதான் இழுக்கிறது. ஏறப் பார்க்கும் டயர், ரேம்பைப் பிடித்துத் தனக்குக் கீழே பின்னுக்கு இழுக்கிறது. தரையில் பிடி இல்லாவிட்டால் கார் ஏறாது, ரேம்ப்தான் வரும். அந்த நேரத்தில் எக்ஸிலரேட்டரை அழுத்தினால் ரேம்ப் பின்னால் எறியப்படும். கார் அரைவழியில் தொப்பென்று விழுந்து, பம்பரோ ஒயில் தட்டோ உடையும். ஹயஸ் போலப் பின்சில்லு தள்ளும் வாகனம் என்றால் கதை மறுபக்கம்: முன்டயர் ரேம்பைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகும். இரண்டுக்கும் காரணம் தரையில் பிடி இல்லாததுதான்.

ஆகவே தரையைத்தான் சரிசெய்ய வேண்டும். தடித்த ரப்பர் மெட் இரண்டு எடுங்கள். ஒவ்வொன்றும், ரேம்ப் முழுதாக அதன் மேல் இருந்து, மிச்சம் டயருக்குக் கீழேயும் வருகிற நீளம் இருக்க வேண்டும். ஏறத் தொடங்கும்போது காரின் பாரமே மெட்டை அமுக்கிப் பிடிக்கும். சாக்கு, கார்ட்போர்ட், பழைய துணி எதுவும் உதவாது, அவையே டைல்ஸில் சறுக்கும். மழைத் தூவானம் விழுந்த டைல்ஸில் மெட் இருந்தாலும் வேலை செய்ய வேண்டாம், காயட்டும். கேட்டுக்குப் பக்கத்தில் சொரசொரப்பான சீமெந்துத் தரை மட்டமாக இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. மட்டமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் பெரும்பாலும் கேட்டடி ரோட்டை நோக்கிச் சரிந்திருக்கும், அந்தச் சரிவு கூடாது. வெறும் மண் தரையும் கூடாது, ஒரு பக்க ரேம்ப் புதைந்து சாயும்.

ஏற்றும்போது ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். இரண்டு டயரும் ஒரே நேரத்தில் ரேம்பின் உதட்டில் முட்ட வேண்டும். மெல்ல அழுத்தி, பிரேக்கில் காலை ஆயத்தமாக வைத்துக்கொண்டு ஏறுங்கள். உச்சியில் இருக்கும் பள்ளத்தில் டயர் டொக்கென்று அமரும், அத்தோடு நிறுத்துங்கள். சைகை காட்டுபவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். காருக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது, ஒரு நிமிடம்கூட.

கேள்வி: டயர் தொடுமுன்பே பம்பர் ரேம்பில் இடிக்கிறது. (முகத்துவாரம்)

ரேம்பின் சரிவு உங்கள் காருக்கு அதிகம். ஒன்றரை, இரண்டு அங்குலத் தடிப்புள்ள அகலமான பலகையை ரேம்புக்கு முன்னால் ஒட்டிப் போட்டால், டயர் முதலில் அதில் ஏறி, பம்பரும் உயர்ந்துவிடும். கறையான் அரிக்காத, வெடிப்பில்லாத பலகையாக இருக்கட்டும். அப்படியும் இடித்தால் நீளமான, தாழ்ந்த ரேம்ப் வாங்க வேண்டியதுதான்.

கேள்வி: ரேம்புக்குப் பதிலாகச் சீமெந்துக் கல் அடுக்கலாமா? மேசன் வேலைக்கு வாங்கியது மிச்சம் கிடக்கிறது. (வத்தளை)

வேண்டாம். சீமெந்துக் கல் சுவரில் பாரத்தைப் பரப்பித் தாங்குவதற்குச் செய்தது. ஒரு இடத்தில் குவிகிற பாரத்தை அது தாங்காது. இரும்பு வளையும், மரம் முறியுமுன் சத்தம் போடும். சீமெந்துக் கல் எந்த அறிகுறியும் காட்டாமல் சட்டென்று பிளக்கும். உள்ளே ஓட்டையுள்ள புளொக் கல் இன்னும் மோசம். செங்கல்லும் இதே வகைதான். அவற்றை மதிலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் ஞாயிறு காலையில் தனியாகக் காருக்குக் கீழே படுத்து வேலை செய்கிறார். ரேம்ப் போட்டிருக்கிறேன், பயப்படாதே என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. நான் என்ன பார்க்க வேண்டும்? (வத்தளை)

உங்கள் பயம் நியாயமானது தங்கச்சி. அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், இதை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

முதலில், கார் திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும். அவர் வெளியே வரும்வரை யாரும், பிள்ளைகள் முக்கியமாக, காருக்குள் ஏறக்கூடாது. அடுத்தது பின்சில்லுகள். முன்பக்கம் உயர்ந்திருக்கும் கார் பின்னால்தான் உருளப் பார்க்கும். ஆகவே இரண்டு பின்டயருக்கும் பின்பக்கமாக முட்டுக்கட்டை இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். ஹாண்ட்பிரேக் போட்டு, ஓட்டோமெட்டிக் கார் என்றால் பி (பார்க்), கையால் கியர் போடும் கார் என்றால் முதலாம் கியர். முன்சில்லு இழுக்கும் காரில் ஹாண்ட்பிரேக் பின்சில்லையும் கியர் முன்சில்லையும் பிடிக்கும். பின்சில்லு தள்ளும் வேனில் இரண்டும் பின்சில்லையே பிடிப்பதால் அங்கே முட்டுக்கட்டை இன்னும் முக்கியம்.

அப்புறம், அவர் கீழே போகுமுன் இருவருமாகப் பக்கத்தில் நின்று மட்காட்டைப் பிடித்துக் காரை நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ரேம்ப் அசைந்தாலோ ஒரு டயர் பள்ளத்தில் சரியாக அமரவில்லை என்று தெரிந்தாலோ இறக்கித் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போகும், போகட்டும். விழுவதென்றால் ஆள் கீழே இல்லாத அந்த நேரத்தில் விழட்டும். ஸ்டாண்ட் இரண்டு இருந்தால், ரேம்ப் இருக்கும்போதும் அவற்றைக் காரின் கையேட்டில் காட்டியுள்ள ஜக் போடும் இடங்களுக்குக் கீழே காவலுக்கு வைக்கலாம். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். பல வருடங்களுக்கு முன் டைல்ஸில் ஏற்றிய ரேம்ப் ஒன்று நான் கீழே போக ஆயத்தமானபோது ஒரு சாண் நகர்ந்தது. அன்றிலிருந்து ஸ்டாண்ட் இல்லாமல் தலையைக் கீழே நீட்டியதில்லை.

சாரம் கட்டிக்கொண்டு இந்த வேலை செய்ய வேண்டாம், எங்காவது கொழுவும். துருத்தூள் கண்ணில் விழும் என்பதால் கண்ணாடி போடச் சொல்லுங்கள். ஆள் கீழே இருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக்கூடாது.

நீங்கள் குரல் கேட்கும் தூரத்தில் இருங்கள். ஜக்கைக் காருக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். ஆண்டவன் காக்கட்டும், கார் இறங்கிவிட்டால் அவரைப் பிடித்து இழுக்கப் பார்க்காதீர்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஜக்கால் காரை உயர்த்துங்கள், ஒருவர் உடனே 1990க்கு அடிக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கேள்வி: ஹைபிரிட் காருக்கு வேறு ஏதாவது கவனம் உண்டா? (பம்பலப்பிட்டி)

உண்டு. டேஷ்போர்டில் ரெடி விளக்கு எரியும்போது எஞ்சின் சத்தம் இல்லாவிட்டாலும் கார் உயிரோடுதான் இருக்கிறது. பெட்டரி குறைந்தால் எஞ்சின் தானே ஸ்டார்ட் ஆகும். நீங்கள் கீழே கையை நீட்டியிருக்கும்போதும் ஆகும். ஆகவே பவரை அணைத்து, விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்து, ஸ்மார்ட் திறப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், பொக்கெட்டில் வேண்டாம். கீழே தோடம்பழ நிறத்தில் ஓடும் வயர்கள் உயர் மின்னழுத்தம். அவற்றைத் தொடவோ அவற்றில் ஜக்கைக் கொடுக்கவோ கூடாது.

கேள்வி: தொடர்மாடியின் கீழ்த்தள பார்க்கிங்கில் செய்யலாமா? (வெள்ளவத்தை)

நான் செய்யமாட்டேன். வழவழப்பான தரை, பக்கத்தில் திரும்பும் மற்றக் கார்கள், காற்றோட்டமும் குறைவு. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் வைத்துச் செய்வதும் வேண்டாம். மட்டமான முற்றம் உள்ள சொந்தக்காரர் வீட்டைக் கேளுங்கள், இல்லாவிட்டால் இந்த ஒரு வேலையை சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொடுங்கள்.

கேள்வி: ரேம்பில் வைத்து ஒயில் ஊற்றி டிப்ஸ்டிக் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறுகிறது. பழைய ஒயிலை என்ன செய்வது? (தெமட்டகொடை)

முன்பக்கம் உயர்ந்திருப்பதால் ஒயில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, அளவு சரியாக வராது. கையேட்டில் சொன்ன அளவைவிடச் சற்றுக் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, கசிவு இல்லையென்று வெளியிலிருந்தே பாருங்கள். பிறகு முட்டுக்கட்டைகளை எடுத்து, பிரேக்கைப் பிடித்தபடி ரிவர்ஸில் மெல்ல இறக்குங்கள். பம்பரின் கீழ் உதடு ரேம்பில் கொழுவுகிறதா என்று பக்கத்தில் ஒருவர் பார்க்கட்டும். மட்டமான தரையில் எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள்.

பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். நம் கான்களின் தண்ணீர் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. புது ஒயில் வந்த கலனிலேயே ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்றில் கொடுங்கள். ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு அதோடு சேர்த்துக் கொடுக்கலாம்.