இரவில் தரையில் காற்று அடங்கினாலும் நகரத்துக்கு மேலே வேகம் கூடுவது ஏன்?

தரை உராய்வுதான் காற்றுக்குப் பிரேக். பகலில் சூடான தரையிலிருந்து எழும் சுழல்கள் அந்த பிரேக்கை ஒரு கிலோமீட்டருக்கு மேலும் கொண்டுபோகும். மாலையில் தரை குளிர்ந்ததும் கலக்கல் நிற்கிறது, பிரேக் விடுபடுகிறது. ஆனாலும் வேகம் சட்டென்று ஏறாது. புவிச் சுழற்சியால் (வட அரைக்கோளத்தில்) வலப்பக்கம் திரும்பியபடியே கூடி, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் உச்சத்தைத் தொடும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிக் காற்று திரும்பித் திரும்பி வேகம் கூடிக் குறைவது ஓர் அலைவு; அந்த அட்சரேகையில் அதன் ஒரு சுற்று சுமார் 21 மணி நேரம். கோடை இரவுகளில் 300–500 மீட்டர் உயரத்தில் தென்காற்று நொடிக்கு 15 மீட்டரைத் தாண்டுவது அங்கே சாதாரணம். 2003 ஜூலையில் காற்றின் போக்கைத் தடம் காண, ஆய்வாளர்கள் அந்நகரத் தெருக்களில் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவைத் திறந்துவிட்டு அது பரவும் விதத்தை அளந்தார்கள்.

கொந்தளிப்பு பிறப்பது மேல்காற்றுக்கும் கீழ்க்காற்றுக்கும் உள்ள வேக வித்தியாசத்தில். குளிர் அடுக்கின் நிலைத்தன்மையை இந்த வேக வித்தியாசத்தோடு ஒப்பிடும் அளவு ரிச்சர்ட்சன் எண்; அது 0.25-க்குக் கீழே போனால் தரையை ஒட்டிய குளிர் அடுக்கு உடைந்து, மேலிருக்கும் வெப்பம் கீழே இறங்கும். அதனால்தான் மேல்காற்று பலமான இரவுகளில் கிராமம் அவ்வளவாகக் குளிராமல், நகரத்துக்கும் சுற்றுப்புறக் கிராமத்துக்கும் வெப்ப வித்தியாசம் குறைகிறது.

10 மீட்டர் கம்பத்து அளவியை மட்டும் நம்பினால் இது எதுவும் தெரியாது. லேசர் ஒளியால் மேல்காற்றின் வேகத்தை அளக்கும் டாப்ளர் லிடார் வையுங்கள். ஒலியை மேலே அனுப்பி அளக்கும் சோடாரும் உதவும், ஆனால் நகரில் வாகன இரைச்சலும் கட்டட எதிரொலியும் அதைக் குழப்பும். அதன் கீச்சொலிக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவது தனி.