ஒருநாள் விட்டு ஒருநாளா?

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. இதயத் துடிப்பு சீராக இல்லை, ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்கிறார்கள். அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஈறில் ரத்தம் கசிவதால், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை அண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தருகிறாராம். எப்போது இதயம் நின்றுவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. இன்னும் எத்தனை வருடம் எங்களோடு இருப்பார்?

பதில்: வருடக் கணக்கு சொல்ல நான் ஜோசியக்காரி இல்லை. இந்த மாதிரிக் கடிதம் எழுதும் எல்லோருக்கும் இதயம் நின்றுவிடுமோ என்றுதான் பயம். முதலில் பயப்பட வேண்டியது மூளையைப் பற்றி. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடக்கும்போது, இடது மேலறையை ஒட்டிய சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. 75 வயதுக்கு மேல் இன்னும் கூடுதல். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தடுப்பது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாத்திரை.

அதைப் பாதியாக்கச் சொன்னது யார், டாக்டரா? காலையும் இரவும் போடும் அபிக்ஸபான் வகை என்றால், ஒருநாள் விட்டாலே காப்பு கிட்டத்தட்ட இறங்கிவிடும். ஈறு கசிகிறதா, டாக்டருக்கு இன்றே போன் செய்யுங்கள். பல்லைக் காட்டுங்கள். சிறுநீரகம் எப்படி என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மூட்டுவலிக்கு அவராக ஏதாவது வாங்கி விழுங்குகிறாரா என்று மருந்து டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். ஆஸ்பிரினே போதும் என்று யாராவது சொல்வார்கள், போதாது.

அண்ணி மேல் எனக்குக் கோபமில்லை. தலையணையில் ரத்தக்கறையைப் பார்த்துப் பயந்திருப்பார். கேட்க ஆள் இருந்திருக்காது. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தும், அப்பாவின் மருந்துச் சீட்டில் என்ன இருக்கிறதென்று படிப்பது மருமகள் வேலை என்று விட்டுவிட்டீர்களே! தூக்கம் கெட்டு நீங்கள் படுத்திருப்பதால் அவருக்கு என்ன லாபம்? அண்ணனும் நீங்களும் அடுத்த முறை டாக்டர் முன்னால் சேர்ந்து உட்காருங்கள். துடிப்பின் வேகம் கட்டுக்குள் இருக்கிறதா, இதயம் பலவீனமாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அவருடைய நாட்களைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அங்கேதான் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டில் எந்நேரமும் ஒருவராவது இருக்க வேண்டும்.